கடைசி வரியில எழுதியிருக்கேனுங்க

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பாஸ் எழுதாம உள்ள விட முடியாதுங்க, அது ரூல். பதினோரு மணிக்குத்தானே இண்டர்வியூ? நெம்ப நேரம் இருக்கு. நேரத்தோட வந்துட்டீங்க, நல்ல பழக்கம். ஆபீஸ் எந்தப் பக்கம்னு கேட்டீங்க. அதையும் பாஸ்லயே எழுதிக் குடுத்துடறேன். வாயில சொன்னா காத்தோட போயிரும், எழுத்துன்னா நிக்கும்.

பேரு? சுபாஷினி. ஊரு? தாராபுரமா, சரி. ‘திருநிறைச்செல்வி சுபாஷினி அவர்கள்.’ ஏனுங்க சிரிக்கறீங்க? கேட் பாஸ்ல திருநிறைச்செல்வி போடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? மேல பாருங்க, ‘அன்புடையீர், வணக்கம்’னு ஆரம்பிச்சிருக்கேன். இது உள்ள நிக்கற செக்யூரிட்டி கைக்குப் போற காயிதம். அவனும் மனுசன்தானுங்க. நாள் முழுக்க வெயில்ல நிக்கறவனுக்கு ஒரு வணக்கம் போட்டா நம்ம பேனாவுல மை தீந்தா போயிரும்?

எனக்கு இந்தக் கேட்டுல சோலி இல்லைங்க. அதாவது இப்ப இருக்கு. முன்ன உள்ள, ஆளுங்க வருகை எழுதற டைம் ஆபீஸ்ல இருந்தேன். காளியண்ணன்னு கேட்டுப் பாருங்க, மில்லுல தெரியாதவங்க இல்லை. இந்த மில்லுல ஒரு நோட்டீஸ் போர்டுல ஏறுதுன்னா அது என் பேனாவுல இருந்துதான் ஏறும். பொங்கல் லீவு, பஸ் நேரம் மாத்தம், சைக்கிள் ஸ்டாண்டுல பூட்டுப் போடறது, எல்லாம் நான்தான். கக்கூஸைச் சுத்தமா வெச்சுக்கச் சொல்லி ஒருக்கா எழுதினேன் பாருங்க, அதைப் படிச்சவங்க செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போனாங்க. அப்படி ஒரு நடை.

சரி, வந்த காரியம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன வேலைக்குங்க இண்டர்வியூ? கம்யூனிகேசன் அசிஸ்டெண்டா? அப்படின்னா? விளங்கற மாதிரி சொல்லுங்க அம்மிணி.

ஓ. நோட்டீஸ் எழுதற வேலையா.

ஒண்ணுமில்லைங்க, பேனா சித்த நின்னுருச்சு. உதறினா வந்துரும். திருப்பூர்ல நீங்க வேலை பாத்த கம்பெனியை மூடிட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, அப்பாவுக்கு வேற இடுப்புல ஆபரேசன்னு. இந்த வேலை கெடைச்சாத்தான் ஆகும்னு சொன்னீங்க. கெடைக்கும், கெடைக்கும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. நாற்காலின்னு ஒண்ணு இருந்தா ஆராச்சும் ஒருத்தர் உக்காரத்தானே வேணும்? ஆனா அந்த நாற்காலி எப்படிக் காலியாச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உள்ள போனா வேற மாதிரி சொல்லுவாங்க.

கடியாரத்தை எதுக்குப் பாக்கறீங்க? எழுதிட்டுத்தானே இருக்கேன். கை எழுதுது, வாய் பேசுது.

இந்தக் கேட்டுக்கு இடது பக்கம், வேப்பமரத்துக்கு அக்கட்டால ஒரு மாடிக் கட்டடம் தெரியுது பாருங்க, அதான் லேடீஸ் ஹாஸ்டல். ரெண்டு பிளாக். ஒண்ணு நம்ம தமிழ்ப் புள்ளைங்களுக்கு, ஒண்ணு ஒடிசாப் புள்ளைங்களுக்கு. ரெண்டுக்கும் ஒரே தண்ணித் தொட்டி. போன சித்திரையில தொட்டியில பாசி புடிச்சு நாறுது, பிளீச்சிங் பவுடர் கொட்டி ஊற வெச்சுக் கழுவணும்னு முடிவாச்சுங்க. ஒரு நாள் முழுக்க அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது, லாரியில வேற தண்ணி வரும். இதுதான் சமாச்சாரம். ஜி.எம். ஐயா என்னைக் கூப்பிட்டு, ‘காளியண்ணா, ஒரு நோட்டீஸ் போட்டுருங்க’ன்னாரு.

போட்டேன். அன்னிக்கு மத்தியானம் சோறு திங்கலைங்க நான். அப்படி உக்காந்து எழுதினேன். இன்னும் மனப்பாடமா இருக்கு, கேளுங்க. ‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது முன்னோர் வாக்கு. அவ்வாக்கிற்கிணங்க, தொழிலாளர் நலனையே தன் நலனாகக் கருதும் நமது நிர்வாகமானது, விடுதிவாழ் சகோதரிகள் பருகும் நீரானது பளிங்கு போன்று விளங்க வேண்டும் என்னும் உயரிய நோக்கோடு...’ இப்படியே போகுதுங்க. உடம்புல தண்ணி எத்தனை பங்கு, உலகத்துல தண்ணி எத்தனை பங்கு, எல்லாம் வருது. நம்ம ஊரு வாய்க்காலைப் பத்தி ஒரு பத்தி. முதலாளியோட தாத்தா காலத்துல வெட்டின கெணத்தைப் பத்தி ஒரு பத்தி. அப்பறம் கடைசியில, ‘ஆகையால் மேற்படி நீரை மேற்படி நாளில் பருகுவதைத் தவிர்ப்பது நலம் பயக்கும் என்பதைக் கனிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

எப்படி? ‘குடிக்காதே’ன்னு ஒரு சொல்லு இருக்குதா பாருங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒரு எடத்துலயும் இல்லை. அதுதானுங்க எழுத்து.

காயிதம் பெருசுன்னு போர்டுல பாதியை மடிச்சுக் குத்த வேண்டியதாப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்றது, போர்டு சின்னது.

தொட்டியில பவுடரைக் கொட்டினாங்க. மக்கா நாளு பொழுது விடிஞ்சதும் ஒவ்வொரு புள்ளையா வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சுங்க. வாந்தி, வயித்து வலி, தொண்டையெல்லாம் எரிச்சல். ஒரு வேன் பத்தாம ரெண்டாவது வேன் வந்துச்சு. எல்லாம் தமிழ்ப் பிளாக் புள்ளைங்க. ஒடிசாப் புள்ளை ஒண்ணுக்குக்கூட ஒண்ணும் ஆகலை. அது எப்படின்னு கேளுங்க. அந்தப் பிளாக்குக்கு ருக்மணின்னு ஒரு வார்டன். ‘இதுகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, நான் எப்படிப் புரிய வெக்கறது’ன்னு புலம்பிட்டு, பழைய பாவாடையைக் கிழிச்சு ஒவ்வொரு பைப்பையும் இறுக்கிக் கட்டிப் போட்டுருச்சுங்க. கட்டின பைப்பை ஆரு தொறப்பாங்க? தமிழ்ப் பிளாக்குல பைப்பைக் கட்டலை. ஏன்னா அங்க நோட்டீஸ் இருந்துச்சு.

படிப்பறிவு இல்லாத எடத்துல துணியைக் கட்டித்தான் ஆகணும், ஒத்துக்கறேன். படிச்ச எடத்துலயுமா பாவாடையைக் கட்டுவாங்க? சொல்லுங்க.

ஆஸ்பத்திரிக்கு நானும் பாக்கப் போனேனுங்க. வாழைப்பழம் வாங்கிட்டுப் போனேன். மனசு கேக்கலை. மாரிக்கனின்னு ஒரு புள்ளை, சாத்தூர்ப் பக்கம், நூல் நூக்கற ரிங் பிரேம் மெசின் ஓட்டுது, கொஞ்சம் வாய்த் துடுக்கு. கையில குளுக்கோஸ் ஏறுது, அப்பவும் சும்மா கெடக்கலை. ‘அம்மா, நோட்டீஸ் படிக்கலையா’ன்னேன். ‘படிச்சேனே அய்யா’ங்குது. ‘படிச்சுமா குடிச்சே?’ன்னேன். ‘தண்ணியைப் பத்தி அம்புட்டு அழகா எழுதியிருந்தீங்க. படிக்கப் படிக்கத் தாகம் எடுத்துச்சு. அதான் போய் ஒரு சொம்பு குடிச்சேன்’ங்குது.

பக்கத்துக் கட்டில்ல இருந்த புள்ளைங்க எல்லாம் வயித்தைப் புடிச்சுக்கிட்டே சிரிக்குதுங்க. நர்ஸும் சிரிக்குது. எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? வாயை அடக்கத் தெரியாத புள்ளைதான், ஆனா ரசனை இருக்குதுன்னு தோணுச்சு. என் எழுத்தைப் படிச்சு ஒருத்திக்குத் தாகமே எடுத்துருக்குன்னா அது சாதாரணமா? என்ன, கடைசி வரி வரைக்கும் பொறுமை இல்லை. கடைசி வரியில எழுதியிருக்கேனுங்க. கடைசி வரைக்கும் படிக்காதது ஆரு தப்பு?

இருங்க, இருங்க, பாஸ் முடியப் போவுது. ‘மேற்படி திருநிறைச்செல்வி அவர்கள் தம் குடும்பச் சூழலைக் கருத்திற்கொண்டு...’ உங்க அப்பா விசயத்தையும் ஒரு வரி சேத்துடறேன். படிக்கறவங்களுக்கு ஒரு இரக்கம் வரும்ல. வேண்டாமா? எழுதிட்டேனே.

இதோட முடிஞ்சிருக்கும். புள்ளைங்க ரெண்டு நாள்ல எந்திரிச்சு வந்துருச்சுங்க, மூணாம் நாளு மெசின் ஓட்டுதுங்க. மேல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. ஆனா பாருங்க, பவுடர் கொட்டின அன்னிக்குன்னு ஜி.எம். ஐயா ஹாஸ்டலைச் சுத்திப் பாக்கப் போயிருக்காரு. வெயில். தமிழ்ப் பிளாக்குல பைப்பைத் தொறந்து ஒரு டம்ளர் குடிச்சுட்டாரு. நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டதே அவருதானுங்க! போட்டவரே படிக்கலை. ராத்திரியெல்லாம் கக்கூஸ்லயே குடித்தனம்னு டிரைவர் சொன்னான். புள்ளைங்களுக்கு வயித்து வலின்னா வேன் வருது. ஜி.எம்முக்கு வயித்து வலின்னா டிரெயினிங் வருது. அவ்வளவுதானுங்க இந்த மில்லு.

கோயமுத்தூர்ல இருந்து பெனிட்டா மேடம்னு ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. தெளிவா எழுதறது எப்படின்னு எங்களுக்குச் சொல்லித் தர. எனக்கு! கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்த கதை. ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாரையும் உக்கார வெச்சு, என் நோட்டீஸை ஆளுக்கொரு காப்பி குடுத்து, ‘இதுல நாம என்ன செய்யணும்னு சொல்ற வரி எது? கோடு போடுங்க’ன்னுச்சு. கணக்குப் பிள்ளை, முதலாளி தாத்தா வெட்டின கெணத்துக்குக் கோடு போட்டாரு. ஸ்டோர் கீப்பர் பழமொழிக்குப் போட்டாரு. ஜி.எம். ஐயா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு, மறுபடி போட்டு, திரும்ப முதல்ல இருந்து படிச்சாரு. கடைசி வரிக்கு வந்ததும் வயித்தை ஒருக்காத் தடவிக்கிட்டாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

அப்பறம் அந்தம்மா ஒரு வேலை பண்ணுச்சு. ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும்ல, அந்தச் சங்கு ஊத ஆரம்பிச்சதும் மாரிக்கனியைப் போர்டு முன்னாடி நிறுத்திப் படிக்கச் சொல்லுச்சு. சங்கு நின்னதும் நிறுத்தணும். அந்தப் புள்ளை ‘பளிங்கு போன்று’ன்னு வரும்போது சங்கு நின்னுருச்சு. ‘ஷிப்டுக்கு ஓடற பொண்ணுக்கு இவ்வளவுதான் நேரம். சங்கு நிக்கறதுக்குள்ள விசயம் போய்ச் சேரணும். முதல் வரியில சொல்லுங்க’ங்குது மேடம். சங்குக்குத் தக்கன எழுதறதுக்கு நான் என்ன நாயனக்காரனா?

அந்தம்மா என் நோட்டீஸை எப்படி மாத்துச்சு தெரியுங்களா? ‘நாளை குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் உள்ளது. லாரித் தண்ணீர் வாசலில் இருக்கும்.’ முடிஞ்சுதுங்க. அவ்வளவுதான். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. எந்திரிச்சுக் கேட்டேன். ‘மேடம், கல்யாணப் பத்திரிக்கையில, பொண்ணு இன்னாரு, மாப்பிள்ளை இன்னாரு, வந்து சாப்பிட்டுப் போங்கன்னா போடறோம்?’னு. கைதட்டு வரும்னு பாத்தேன். அந்தம்மா பொறுமையா, ‘கல்யாணப் பத்திரிக்கையைப் படிக்காம போனா ஆருக்கும் வாந்தி வராதுங்க சார்’னுச்சு. அதுக்குத்தான் கைதட்டுனாங்க.

நல்ல அம்மாதான், குத்தம் சொல்லலை. டீ குடிக்கும்போது தனியா வந்து, ‘உங்களுக்கு மொழி நல்லா வருது சார். ஆனா படிக்கறவங்களை நிக்க வெக்கறீங்க. அவங்க அவசரத்துல இருக்காங்க’ன்னுச்சு. நான் அதுக்கு ஒரு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில டீயைக் குடிச்சுட்டுப் போயிருச்சு. இன்னும் அந்த விளக்கம் எங்கிட்ட அப்படியே இருக்கு. உங்களுக்கு வேணும்னா சொல்றேன்.

வேண்டாமா, சரி.

அதுக்கு அடுத்த வாரம் எனக்கு ஒரு ஆர்டர் வந்துச்சுங்க. கவரைப் பிரிச்சா ஒரே ஒரு வரி. ‘திரு. காளியண்ணன் திங்கள்கிழமை முதல் வடக்கு கேட்டில் பணியாற்றுவார்.’ பொறட்டிப் பாத்தேன், பின்னால ஒண்ணுமில்லை. தலைமுடி கருப்பா இருக்கையில வந்தவன் நானு. முதலாளி வூட்டுக் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் எழுதினவன். எனக்கு ஒரு வரி. ‘தங்களின் நெடுநாளைய சேவையைப் பாராட்டி’ன்னு ஒரு சொல்லு போட்டிருந்தா என்னங்க கொறைஞ்சா போயிரும்? படிச்ச உடனே புரிஞ்சு போச்சு அம்மிணி. அதுதான் எனக்கு வலி. இன்னும் நாலு வரி இருந்திருந்தா, அதுல எங்கயாச்சும் வேற அர்த்தம் இருக்குமான்னு வூட்டுக்குப் போற வரைக்குமாச்சும் நெனைச்சுட்டுப் போயிருப்பேன்.

வூட்டுக்காரிகிட்டக் காட்டினேன். ‘நல்லா விளங்கற மாதிரி எழுதியிருக்காங்க’ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டா.

ஆனா கேட்டும் சும்மா இல்லைங்க. மில்லுக்கு மொகம் மாதிரி. ஆரு வந்தாலும் எங்கிட்ட ஒரு காயிதம் வாங்கித்தானே உள்ள போகணும்? அந்த மேடம் இப்ப இங்கயே மாசச் சம்பளத்துக்கு வந்துருச்சு. உங்களுக்கு இண்டர்வியூ பண்றதும் அந்தம்மாதான். இந்தப் பாஸ் கடைசியில அந்தம்மா மேசைக்குத்தான் போகும். படிக்கட்டும். நான் இன்னும் இருக்கேன்னு தெரியட்டும்.

இருங்க, போன் அடிக்குது.

‘வணக்கம், வடக்கு வாயில், காளியண்ணன் பேசறேன். ஆ, மேடம், வணக்கம் மேடம். இண்டர்வியூவுக்கு ஆராச்சும் இங்க இருக்காங்களான்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி மேடம். அதாவது, இன்னைக்கு காலையில நான் வந்து கேட்டைத் தொறந்ததுல இருந்து, வந்தவங்களைப் பத்தி வரிசையாச் சொல்லணும்னா, முதல்ல பால்காரர் வந்தாருங்க, அவரு இண்டர்வியூவுக்கு இல்லை, அதுக்கு அடுத்தபடியா... மேடம்? மேடம்?’

வெச்சுட்டாங்க. எப்பவும் இப்படித்தானுங்க. உங்க பேரைச் சொல்லத்தான் வந்தேன், வரிசைப்படி நீங்க நாலாவது ஆளு. அதுக்குள்ள, ‘சரி, ஆரும் இல்லைன்னு எழுதிக்கறேன், பதினொன்னேகாலுக்கு முடிச்சுக்கறோம்’னு வெச்சுட்டாங்க. முழுசாக் கேக்கற பழக்கமே இல்லை.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? மணி என்ன? பதினொன்னு பத்தா? பேச்சுல தெரியலை பாருங்க. திரும்பிப் போன் பண்ணலாம்தான், ஆனா மேல இருக்கறவங்களுக்குக் கீழ இருந்து போன் பண்றது மொறை இல்லைங்க. பதறாதீங்க, ஆபீஸ் கிட்டத்துலதான் இருக்கு, ரெண்டு நிமிசம். பாஸ் முடிஞ்சிருச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்தாங்க. பின்பக்கமும் இருக்கு, பொறட்டிப் படிக்கணும். எந்தப் பக்கம் போகணும்னு கேட்டீங்கல்ல, எல்லாம் வெவரமா எழுதியிருக்கேன், கடைசி வரியில.

படிச்சுட்டுப் போங்க அம்மிணி. அட, புடுங்கிட்டு ஓடுதே. அம்மிணி, வேப்பமரத்துப் பக்கம் எதுக்குங்க போறீங்க, அது ஹாஸ்டல். நில்லுங்க. பாத்தீங்களா, ஆரும் கடைசி வரைக்கும் படிக்கறதில்லை. அம்மிணி, இங்க கேளுங்க. வணக்கம். தாங்கள் தற்சமயம் சென்றுகொண்டிருக்கும் திசையானது, தாங்கள் சென்றடைய விரும்பும் அலுவலகத்தைப் பொறுத்தமட்டில்...